சும்மா ஒரு கையெழுத்து

"பழைய வழக்கை மறைச்சிருக்கீங்க. ஆதாரத்தோட புகார் வந்திருக்கு. உங்க வேட்புமனு தள்ளுபடி!" என்றார் தேர்தல் ஆணைய அதிகாரி.

மூன்று முறை ஜெயித்த தலைவருக்கு ஏழு உலகமும் தட்டாமாலை சுற்றியது. பக்கத்தில் நின்ற மனைவியிடம் பல்லை நறநறவெனக் கடித்தார். சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"உன் தம்பிதான்டி காட்டிக் கொடுத்திருப்பான்!"

"விதிப்படி இனி மாற்று வேட்பாளருக்குத்தான் கட்சிச் சின்னம். உங்க மனைவிதானே?" என்றார் அதிகாரி.

தலைவருக்குப் போன உயிர் திரும்பியது. "நல்லவேளை, மாற்று மனுவுல உன்கிட்ட சும்மா ஒரு கையெழுத்து வாங்கி வச்சேன்! சார், அந்தப் புகாரைக் காட்டுங்க."

காட்டினார். அடியில் அதே கையெழுத்து.

"கல்யாணமானதுலேர்ந்து நீங்க நீட்டின இடத்துல எல்லாம் போட்டேங்க," என்றாள் மனைவி. "இது ஒண்ணுதான் நானே எழுதி, படிச்சுப் பார்த்துப் போட்டது."