நரம்பு போட்ட போன்

ஃபாதர் திருமணப் பூசையைத் தொடங்கப் போன நேரத்தில் மணமகள் விண்ணரசியின் கைபேசி அலறியது. போன ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக மீன்பிடித்தபோது, சிக்கிக்கொண்டதென்று அவள் கடலிலேயே அறுத்துவிட்டு வந்த தூண்டில் நரம்பு பேசியது.

“அக்கா, துறைமுகச் சுவர்ப் பக்கம் ஒரு ஆமையோட கழுத்துல சுத்திக் கிடக்கேன். மூச்சு விட மேல வரவே அது திணறுது. சீக்கிரம் வாங்க!”

யாருடைய நரம்போ அவர்தான் போய் எடுக்க வேண்டும். விண்ணரசி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“ஏங்க, ஓடிப் போயிட்டு வந்துரட்டா?” என்று மாப்பிள்ளை ரீகனிடம் கேட்டாள்.

“தனியாவா? நானும் வாரேன், வா!”

கேக் வெட்ட வைத்திருந்த கத்தியோடு இருவரும் ஓடினார்கள். பின்னாலேயே கல்யாணக் கூட்டமும் ஓடியது. கரையில் கிடந்த படகை எடுத்துப் போய், ரீகன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, விண்ணரசி பட்டுச்சேலையோடு தண்ணீரில் கவிழ்ந்து நரம்பை அறுத்தாள். ஆமை தலையைத் தூக்கி, புஸ்ஸென்று அவள் முகத்திலேயே மூச்சு விட்டது.

“பொழைச்சிட்டுங்க!” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

துறைமுகச் சுவரில் மேல்மூச்சு வாங்க நின்ற ஃபாதர், “ரெண்டு பேருக்கும் சம்மதமா?” என்று கத்தினார்.

படகு கவிழப் பார்க்கும் அளவுக்குக் குதித்து, “சம்மதம்!” என்று இருவரும் கூவினார்கள்.