வெயிலை மூடியவர்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் குமிழி சார்.

ஆய்வுக்கூடத்து மொட்டை மாடியில், உச்சி வெயிலில், அவருடைய கண்ணாடிப் பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டிருந்தார் எதிர் மேஜை மேடம்.

பெட்டிக்குள் ஒரு பம்ப் ஓட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு தகடு. வெயில் பட்டால் தண்ணீர் பிரிந்து, ஹைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பும். ஆறு வருஷ உழைப்பு. நாளைக்கு நிபுணர் குழு பார்க்க வருகிறது. இந்த நேரம் பார்த்து மூன்று நாளாக வாயு பாதியாகக் குறைந்து அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. காரணம் இப்போது விளங்கிவிட்டது.

"உங்களுக்கும் தகடு ஆராய்ச்சி, எனக்கும் தகடு ஆராய்ச்சி. அதுக்காக என் அடிமடியிலயே கை வைக்கணுமா மேடம்?"

"மெதுவா சார், கீழ கேட்கும்."

"கேட்கட்டும்! இப்பவே துறைத் தலைவருக்குப் போன் போடறேன்."

"தாராளமா போடுங்க. முதல்ல குமிழியைப் பாருங்க."

துணிக்கு வெளியே நீண்டிருந்த கண்ணாடிக் குழாயில் குமிழிகள் தயங்கித் தயங்கி வந்தன. பிறகு நின்றே போயின.

"வெயிலை மறைச்சா நிக்காம என்ன செய்யும்?"

"அப்பாடா!" மேடம் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "திங்கக்கிழமை நிக்கல சார்."

"என்னது?"

"மேகம் மூடியும் ஜோரா வந்துக்கிட்டிருந்துச்சு. சந்தேகப்பட்டு மூடிப் பார்த்தேன். இருட்டுலயும் வந்துச்சு. பம்ப்போட ரப்பர் குழாய்ல ஒரு கீறல், வெளிக்காத்தை இழுத்துக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கே வேற குழாய் மாட்டிட்டேன். இப்ப வர்ற பாதிதான் உங்க தகடு நிஜமா கொடுக்கறது. அதுவே பெரிய விஷயம். நாளைக்கு யார் மூடிப் பார்த்தாலும் பயமில்ல."

குமிழி சாருக்கு முகம் தொங்கிப்போனது. போனைப் பைக்குள் போட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன். உங்க பொண்ணுகிட்ட போன்ல வாயு அளவைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. மனசு வரல. சரியாயிடுச்சான்னு பார்த்துட்டுச் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

குமிழி சார் துணியை எடுத்தார். வெயில் பட்டது. குமிழிகள் மறுபடி கிளம்பின. பாதிதான், ஆனால் அத்தனையும் அசல். ஆறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் அவற்றைப் பார்த்ததில்லை.

"அது சரி, ரப்பர் குழாய் ஸ்டோர்லயே இல்லையே. எங்க பிடிச்சீங்க?"

மேடம் துணியை வாங்கி மடித்தார்.

குமிழி சார் மாடியின் மறுகோடியைப் பார்த்தார். மேடத்தின் பெட்டி மூன்று நாளாகத் தண்ணீர் ஓடாமல் காய்ந்து கிடந்தது. அதன் பம்ப்பில் குழாய் இல்லை.