குளத்துக்குத் தப்ப ஒரே வழி

"போன வருஷ டாக்டரைத் தூக்கிக் குளத்துல போட்டாங்க. அவரு மூக்குக்கண்ணாடி இன்னும் அடியிலதான் கிடக்குது," என்றாள் நர்ஸ் வின்னி, ஊசிகளை அடுக்கிக்கொண்டே.

டாக்டர் ஹெட்லி தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தீவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போதுதான் ஊர்க்காரர்கள் அவரை நம்பி நாக்கை நீட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். நனைந்த கோழியாக ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் எவன் மதிப்பான்? சொந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்றால் அடுத்த கப்பல் மார்ச்சில்தான்.

"யாரு போடுறது?"

"வருஷக் கடைசி நாள் முகமூடிக்காரங்கதான். கிழிஞ்ச பாவாடை, ஆட்டுத்தோல் மூஞ்சி. அந்தக் காலத்து வழக்கம் டாக்டர்."

"நான் எங்கயாவது ஒளிஞ்சுக்கறேன்."

"எங்க ஒளிவீங்க? பின்னாடி எரிமலை, முன்னாடி கடல். வீட்டுக் கதவுக்குப் பூட்டும் கிடையாது." வின்னி குரலைத் தாழ்த்தினாள். "ஒரே வழிதான் இருக்கு. நீங்களும் வேஷம் கட்டி அவங்களோட கலந்துடுங்க. வாயைத் திறக்காதீங்க. அவங்க செய்யறதைச் செய்யுங்க. நான் சொன்னேன்னு மூச்சு விடக்கூடாது."

பழைய பாவாடையும் முகமூடியும் அவளே கொடுத்தாள். புண்ணியவதி.

வருஷக் கடைசி நாள், வெயில் தாழும் முன் சர்ச் சுவரோரம் நான்கு முகமூடிகள் நின்றிருந்தன. டாக்டர் ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டார். யாரும் பேசவில்லை. ஒருவர் குதித்தார், எல்லோரும் குதித்தார்கள். டாக்டர் சும்மா உறுமிப் பார்த்தார், எல்லோரும் உறுமினார்கள். ஒரே தெருவையே மூன்று தடவை சுற்றி வந்தார்கள். ஊர்க்காரர்கள் வாசலில் உட்கார்ந்து கேக் தின்றபடி, "ஐயோ, பயமா இருக்குதே," என்றார்கள்.

அட, இவ்வளவு சுலபமா என்று டாக்டருக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரு கிழவியைத் துரத்தக்கூடச் செய்தார்.

கடைசியில் குளக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரே பின்னால் வந்தது.

"போதும், மூஞ்சியைக் கழட்டுங்க," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கழற்றினார்கள். பாதிரியார். பள்ளிக்கூட வாத்தியார். கரண்ட் இன்ஜினியர். தபால் அதிகாரி. எல்லோருமே டாக்டரோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

"உங்களுக்கும் வின்னிதான் யோசனை சொன்னாளா?" என்றார் பாதிரியார் பரிதாபமாக.

"அப்ப இந்த ஊர் முகமூடிக்காரங்க எங்கே?" என்று கேட்டார் டாக்டர்.

"நாங்க வேஷம் கட்டறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு டாக்டர்," என்று கூட்டத்திலிருந்து முன்னே வந்தாள் வின்னி, சட்டைக் கையை மடித்துவிட்டபடி. "புதுசா வர்றவங்க நீங்களே வேஷம் கட்டி, நீங்களே குளத்துக்கும் வந்துடுறீங்க. அந்தக் கண்ணாடியை மட்டும் கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க."