பின்சீட்டுப் பை

"போச்சுடா, மானம் போச்சு!" மெக்கானிக் பதறினான்.

சர்வீசுக்கு வந்த காரின் பின்சீட்டில் ஒரு கறுப்புத் தோல்பை. ஸ்பேனர் செருகும் மடிப்புகள், மண்டையோட்டு ஜிப், சிலுவை தொங்கும் சங்கிலி. பார்த்தாலே கொள்ளை விலை என்று தெரிந்தது. அதன் மேலெல்லாம் கிரீஸ் கறை.

"நான் தொடவே இல்ல மாமா," என்றான் பட்டறையில் கூட வேலை செய்யும் மச்சினன்.

"பின்ன பேயா தொட்டுச்சு? காரை எடுக்கக் கார்க்காரர் கிளம்பிட்டாராம். கையை நல்லா கழுவிட்டுத் தேய்!"

மச்சினன் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தான், சோப்புப் போட்டுத் தேய்த்தான். மெக்கானிக்கோ தன் கிரீஸ் கைகள் பையில் பட்டுவிடாமல் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வாசலில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான்.

ஒருவழியாகப் பை பளபளத்தது. கார்க்காரரும் வந்தார். பையைப் பார்த்ததும் அலறினார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கறை பட்டிருச்சு சார்... தெரியாம. சுத்தமா எடுத்துட்டோம்."

"அந்தக் கறைக்குத்தான்யா அவ்வளவு காசு! உழைக்கிறவன் பை மாதிரி இருக்கணும்னு கம்பெனியில ஆள் வச்சு, ஒரு வாரம் கையாலயே பூசுறாங்க!"

மெக்கானிக் கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"ஒரு வாரமெல்லாம் வேணாம் சார். எந்தப் பக்கம் பூசணும், சொல்லுங்க."