பார்ட்ஸ் வரவில்லை

மூன்று வாரமாகக் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது.

மகள் வீடு எழுநூறு கிலோமீட்டர். ரிட்டயரான கையோடு, தன் இருபத்திரண்டு வருஷத்துக் காரிலேயே அங்கே போய் இறங்க வேண்டும் என்பது அவள் கணவரின் ஆசை. வழியில் எங்கே தங்குவது, எங்கே டீ குடிப்பது என்பதுவரை எழுதி வைத்திருந்தார். கிளம்புமுன் ஒருமுறை செக் பண்ணலாமே என்று காரை விட்டதுதான் தப்பாகிவிட்டது. போன் போட்டால், "பார்ட்ஸ் வரலை சார்." மறுவாரமும் அதே பாட்டு.

"பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்றார் அவர்.

"உங்களை ஏமாத்துறது ரொம்ப சுலபம். நானே போய் நாலு கேள்வி கேட்டாத்தான் சரிப்படும்." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப் மூலையில் கார் தூசி படிந்து நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அவனைக் கூப்பிடாமலே கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னப்பா இது? இந்த வண்டிக்கா பார்ட்ஸ் வரலை? பத்து வருஷமா உன்னை நம்பித்தானே வர்றார் மனுஷன். வாய் கூசாம பொய் சொல்லியிருக்கியே."

சத்தம் கேட்டு எழுந்து வந்த மெக்கானிக், பழந்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமாம்மா, பொய்தான். வண்டி அன்னிக்கே ரெடி."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இறங்கி, வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பாருங்கம்மா."

இடது பக்கக் கண்ணாடி உடைந்து டேப் போட்டு ஒட்டியிருந்தது. முன் கதவில் நீளக் கீறல். பின் கதவில் பள்ளம்.

"பார்க்கிங்ல யாரோ உரசிட்டாங்கன்னு சொன்னாரே."

"என்கிட்டயும் அதான் சொன்னார். நாலு மாசத்துல ஆறு தடவைம்மா. எல்லாமே இடது பக்கம். வலது பக்கம் ஒரு நகக்கீறல்கூட இல்லை. அன்னிக்கு அவருக்கு இடது பக்கமா நின்னு டீயை நீட்டினேன். 'டீ சொன்னியே, எங்கப்பா?'ன்னு கேட்கிறார். டம்ளர் அவர் தோள்கிட்ட இருக்கு."

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு அந்தப் பக்கம் தெரியலைம்மா. தெரியலைங்கிறதே அவருக்குத் தெரியலை. டாக்டரைப் பாருங்க சார்னேன், சிரிச்சார். சாவியைக் கொடுத்திருந்தா மறுநாளே உங்களையும் ஏத்திக்கிட்டு ஹைவேக்குப் போயிருப்பார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சது அவர் நம்பர் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவை பேசும்போதும் பின்னால நீங்க என்னைத் திட்டுறது கேட்கும். இழுத்தடிச்சா எப்படியும் சண்டைக்கு வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

நாலு மாதமாக அவர் தினமும் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். 'என் சமையல் அவ்வளவு கசந்துபோச்சா?' என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்தது ஒவ்வொரு நாளும் தட்டின் இடது பாதி.