யாரும் கேட்காத கட்டி

"கெட்டுப்போனாலும் பரவாயில்லை. இதுல பழகிக்கோ" என்று சின்ன மெழுகுக்கட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார் லேபின் தலைமை டாக்டர் ரமாமணி.

புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் கீர்த்திக்குச் சுருக்கென்றது. மெழுகுக்குள் இருந்தது, பெயரில்லாத சீட்டின்படி, யாரோ ஒருவரின் கண்ணுக்குக் கீழிருந்து வெட்டியெடுத்த தோல்.

"யாருதுங்க மேடம்?"

"வெறும் வியர்வைச் சுரப்பிக் கட்டி. ஆபத்தில்லாதது. யாரும் வந்து கேட்கமாட்டா."

கூலிங் கிளாஸை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம்தான் கீர்த்தி ஒரு ஸ்லைடைக் கெடுத்திருந்தாள். மார்பகப் புற்றுநோய் வந்த ஓர் அம்மாவுடையது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்த்துத்தான் மருந்தையே முடிவு செய்வார்கள். அது பாதியில் காய்ந்துபோனது. நல்லவேளை, மீதித் திசு இருந்தது.

வீட்டில் அப்பாவின் தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். இதில் முடியுமா? அன்றிலிருந்து சாயக் குப்பியைத் தொடவே அவளுக்குப் பயம். இந்தச் சாயம் கைவராவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

"கேக்கறதுக்கு ஆள் இல்லைன்னா கெடுத்துடலாமாண்ணா?" என்று சீனியர் ஜெயக்குமாரிடம் பொருமினாள்.

"அவங்களுக்கு இன்னாமா கவலை? ஒரு வாரமா லேபுக்குள்ளயே கூலிங் கிளாஸ் போட்டுக்கினு சுத்தறாங்க. கருட சேவைத் திருவிழாவுல போட்டோவுக்கு நிக்கப் போறாங்களோ இன்னாவோ!"

சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை.

யாருடையதாக இருந்தால் என்ன, இதைக் கெடுக்கக் கூடாது. மெழுகைச் சன்னமாகச் சீவி ஸ்லைடில் ஏற்றினாள். ஹார்மோன் சாயத்தை விட்டு, காய்ந்துவிடாமல் ஈரம் வைத்த டப்பாவுக்குள் பத்திரமாக மூடினாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கோபத்தில் பயம் மறந்துவிட்டது.

மைக்ரோஸ்கோப்பில், செல்களின் நடுவே பழுப்புப் புள்ளிகள். காபிப்பொடி தூவினாற்போல.

"அண்ணா, ஏறிட்டுது!"

ஸ்லைடை வாங்கிக்கொண்ட மேடம், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். வெளியே வரும்போது மறுபடியும் கூலிங் கிளாஸ்.

"பேஷா வந்திருக்கு. நாளையிலேர்ந்து பேஷன்ட் ஸ்லைடெல்லாம் நீதான் போடறே."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கீர்த்தி நகரவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கட்டிக்காரங்களும் பயந்துக்கினுதான் இருப்பாங்க. ஹார்மோன் சாயம் ஏறினாலும் இது கேன்சர் இல்ல, பயப்படாதீங்கன்னு நானே போன் பண்ணி சொல்லிடறேன். நம்பர் மட்டும் குடுங்க."

மேடம் கூலிங் கிளாஸைக் கழற்றினார். வலது கண்ணுக்குக் கீழே, பொடிசாக இரண்டு தையல்.

"போன் எதுக்குடி? அதான் நேர்லயே சொல்லிட்டியே!"