விசாரிக்க வந்தவர்

"அந்தப் பொண்ணு எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்குமாமே?"

கேட்டவர் வெளியூர்க்காரர். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் பை, மதுரை நம்பர் போட்ட பைக். பந்தல்குடி டீக்கடையில் நல்லமுத்து கிளாஸ் கழுவுவதை நிறுத்தினான்.

"எந்தப் பொண்ணு?"

"தங்கச்செல்வி. உக்கிரபாண்டி மகள்."

"கம்ப்யூட்டரா? நீங்க வேற. அந்தப் புள்ள செல்போனையே தொடாது. வீட்ட விட்டா கோயிலு, கோயில விட்டா வீடு."

வெளியூர்க்காரர் டீயைப் பாதியில் வைத்தார். நல்லமுத்துவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினார். பைக் திரும்புவதற்குள் நல்லமுத்து போனை எடுத்துவிட்டான்.

"மாமா, ஆள் வந்துருச்சு. நீங்க சொன்னபடியே சொல்லிட்டேன்."

சொல்லிக் கொடுத்தவர் உக்கிரபாண்டிதான். தை மாதம் பாலவநத்தத்து மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தம் இந்தக் கடையில்தான் முறிந்தது. விசாரிக்க வந்தவரிடம், "படிச்ச புள்ள, ராவும் பகலும் கம்ப்யூட்டர்தான்" என்று நல்லமுத்து பெருமையாகச் சொல்லியிருந்தான். அடுப்படி பக்கமே போகாத பெண் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து தெரு முழுக்க ஒரே பதில்.

தங்கச்செல்வி என்ன வேலை பார்க்கிறாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழி ஒன்று. அதன் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று சொல்லும் விளக்கப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. மொழி மாறிக்கொண்டே போகும், பக்கங்கள் பழையபடியே கிடக்கும். கோப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கை மட்டும் வரும் என்று பக்கம் சொல்லும். ஓட்டிப் பார்த்தால் நிரலே நின்றுபோகும். அவள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, தப்பை நீக்கித் திருத்தி எழுதுவாள்.

இதுவரை சம்பளம் இல்லை. இப்போது அந்தப் பக்கங்களை நடத்தும் கம்பெனி அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

"சர்டிபிகேட்டெல்லாம் அனுப்பியாச்சும்மா. எல்லாம் சரிதானான்னு விசாரிச்சுட்டு இந்த வாரத்துல சொல்லிருவாக" என்று காலையில்தான் அம்மாவிடம் சொன்னாள். "இது கிடைச்சாப் போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"கிடைக்கட்டும்" என்றார் உக்கிரபாண்டி. "ஆனா கல்யாணம் முடியுற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது."

வந்தவர் நேராக வீட்டுக்குள் வரவில்லை. எதிர்வீட்டுச் சந்தனம்மாளிடம் நின்று ஏதோ கேட்டார். "அதுவா? கம்ப்யூட்டரக் கண்டாலே ஒதுங்கிப் போகும்" என்று அவள் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது. பிறகு அவர் செல்போனை எடுத்து, வாசலையும் கதவு நம்பரையும் படம் பிடித்தார்.

ஜன்னலில் நின்ற உக்கிரபாண்டியின் மனைவி சங்கரம்மாளுக்கு முகம் மாறியது.

"பொண்ணு விசாரிக்க வாரவுக கதவையா போட்டோ எடுப்பாக? எனக்கென்னமோ சரியாப் படலை."

"சொந்த வீடா, வாடகை வீடான்னு பாக்குறாக. நீ போயி காப்பியப் போடு."

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண் வீட்டைச் சுற்றி வந்தது.

"உங்க மகளைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? ரெண்டு வார்த்தை பேசணும்."

உக்கிரபாண்டி சிரித்தார். "அதெப்படிங்க? நாள் பாத்து, முறையா நாலு பொம்பளைகளோட வாங்க. அப்பக் காட்டுறோம். எங்க பக்கம் அப்படித்தான்."

வந்தவர் புருவம் சுருங்கியது. அவர் வாயைத் திறக்குமுன் உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. தடதடவென்று, நிற்காமல், விசைப்பலகைச் சத்தம். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் தங்கச்செல்விக்கு வாசலில் லாரி மோதினாலும் கேட்காது.

"உள்ள டைப் பண்றது யாரு?"

சங்கரம்மாள் காப்பித் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். உக்கிரபாண்டி அசரவில்லை.

"எம் மகன் மருதுபாண்டி. அவளுக்கு இளையவன். அவன்தான் எந்நேரமும் அதுலயே கெடப்பான்."

மருதுபாண்டி அப்போது தூத்துக்குடியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவருதானா?"

"எல்லாம் அவன்தான்."

"உங்க மகளுக்கு அதுல ஒண்ணுமே தெரியாது?"

"சத்தியமாத் தெரியாது. எம் மகளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடுப்படிதான்."

வந்தவர் மெதுவாகத் தலையாட்டினார். தேடி வந்தது கிடைத்துவிட்டவர் போல எழுந்தார். காப்பியைத் தொடவில்லை.

"பாத்தியா?" என்றார் உக்கிரபாண்டி, அவர் படி இறங்கியதும். "பேசி முடிக்காம கை நனைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. நல்ல குடும்பம்."

"மாப்ள பேரு என்னன்னு கேட்டீகளா?"

"அவுகளாச் சொல்லுவாக. சும்மாயிரு."

வந்தவர் பைக்கில் சாய்ந்துகொண்டு போனைக் காதில் வைத்தார். நல்ல வார்த்தையைத் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்று உக்கிரபாண்டி கதவுக்குப் பின்னால் போய் நின்றார். மனைவியைப் பேச வேண்டாம் என்று சைகை செய்தார்.

"கம்பெனிக்குச் சொல்லிருங்க சார், பேரு மட்டும்தான் தங்கச்செல்வி, வேலை பாக்குறது அவங்க தம்பி."